ஒன்றரை ரூம் வீட்டில் ஆரி ஸ்டேண்டை எங்கே போடுவது?

நூல்கண்டு_வண்ணை | ஞாயிறு, இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இன்றைக்குக் கொஞ்சம் கடுப்பில் எழுதுகிறேன், நீளமாகப் போனால் மன்னிக்கவும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் வாடகை வீடு. முன்னால் ஒரு ஹால், பின்னால் ரூம் என்று சொல்லிக்கொள்ள ஒரு இடம், ஓரமாகச் சமையல்கட்டு. நான், வீட்டுக்காரர், மாமியார், ஏழாவது படிக்கும் பெண், ஒன்றாவது படிக்கும் பையன். கிண்டியில் ஒரு ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். காலை எட்டு மணிக்கு மெட்ரோ ஏறினால் திரும்பி வர ராத்திரி ஏழரை ஆகிவிடும்.

போன வருடம் தெருக்கோடி அக்கா ஒருவரிடம் சனி, ஞாயிறுகளில் போய் ஆரி வொர்க் (கொக்கி ஊசியால் துணியில் போடுகிற எம்பிராய்டரி) கற்றுக்கொண்டேன். செயின் ஸ்டிச், லோட் ஸ்டிச், ஜர்தோசி (சரிகைக் கம்பிச் சுருள் வைத்துத் தைப்பது), மிரர் என்று கை நன்றாகவே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நாலடி மரச் ஸ்டேண்ட் ஒன்று வாங்கினேன். அதுதான் வினை. அதைப் போட வேண்டுமென்றால் டீப்பாயைத் தூக்கிச் சமையல்கட்டு வாசலில் வைக்க வேண்டும், மாமியார் பாயைச் சுருட்ட வேண்டும், பையன் ஹோம்வொர்க்கை முடித்திருக்க வேண்டும். துணியை இழுத்துக் கட்ட அரை மணி. பிரித்து வைக்கக் கால் மணி. நடுவில் ஊசி பிடிப்பது இருபது நிமிடம், அதற்குள் எல்லோருக்கும் தூக்கம் வந்துவிடுகிறது. முதல் நாள் பார்த்ததுமே மாமியார், "நடு வூட்ல இன்னாமா பாடை கட்டி வெச்சிகீற" என்றார். அதற்கப்புறம் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் பாடையாகத்தான் தெரிகிறது.

இப்போது அது பீரோ ஓரமாகச் சாய்ந்து நிற்கிறது. மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகள் யூனிஃபார்ம் அதில்தான் காய்ந்தது. இதற்கு நடுவில் பையன் சுகர் பீட்ஸ் டப்பாவைக் கவிழ்த்துவிட்டான். மூன்று நாள் பெருக்கினேன், நாலாம் நாள் இட்லித் தட்டுக் குழியில் ஒரு தங்க நிற மணி உட்கார்ந்திருக்கிறது.

எனக்கென்று ஒரு பச்சை ப்ளவுஸ். ஆடியில் ஆரம்பித்தேன், தை பிறந்துவிட்டது, ஒரு கைதான் முடிந்திருக்கிறது. ஒரு சின்ன இடம், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், இவ்வளவுதான் கேட்கிறேன். இந்த மாதிரி வீட்டில் இருந்துகொண்டு ஏதாவது கைவேலை செய்கிறவர்கள் எங்கே உட்காருகிறீர்கள், எப்போது செய்கிறீர்கள், எங்கே எடுத்து வைக்கிறீர்கள்? ஒரு வேண்டுகோள், "ஆர்டர் எடுத்துச் சம்பாதிக்கலாமே" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். கணக்கு பார்க்கிற வேலையை ஆபீசில் பார்த்தால் போதும்.

---

சோம்பேறி_ராயபுரம் | திங்கள், காலை 7:05

மொட்டை மாடி?

---

நூல்கண்டு_வண்ணை | திங்கள், காலை 7:50

மாடி ஓனருக்கு. வடாம், மிளகாய், அவர் பேரன் காற்றாடி எல்லாம் அங்கேதான். காற்று வேறு, ஒரு முழம் நூல் கையில் நிற்காது. இதை மெட்ரோவில் நின்றுகொண்டு டைப் செய்கிறேன்.

---

காசிமேடு_அக்கா | திங்கள், மதியம் 2:30

தங்கச்சி, உன் கதையைப் படித்துச் சிரித்தேன், பாடை விஷயத்துக்கு மட்டும். மற்றதெல்லாம் எங்கள் வீட்டுக் கதை.

எங்கள் அப்பா விசைப்படகில் போனவர். வருடா வருடம் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரைக்கும் இந்தப் பக்கம் மீன்பிடித் தடை உண்டு இல்லையா, இப்போது 61 நாள், அப்போதெல்லாம் 45 நாள்தான். அந்த நாட்களில் வலை வேலை நடக்கும். பெரிய வலையெல்லாம் துறைமுகத்திலேயே பார்த்துவிடுவார்கள், சின்ன வலை வீட்டுக்கு வரும். எங்கள் வீடு பத்துக்குப் பத்து. அதில் வலையை விரித்தால் நாங்கள் தெருவில்தான் நிற்க வேண்டும். அப்பா விரிக்கவே மாட்டார். ஜன்னல் கம்பியில் ஒரு முனையைக் கட்டுவார், மீதி வலை சுருட்டி மூட்டையாகக் காலடியில் கிடக்கும், எந்தக் கண் அறுந்திருக்கிறதோ அந்தக் கண் மட்டும் அவர் மடிக்கு வரும். முடித்ததும் அடுத்த முழத்தை இழுப்பார். யாராவது கூப்பிட்டால் ஊசியை அப்படியே கண்ணில் செருகிவிட்டு எழுந்துபோவார். திரும்பி வந்து உட்கார்ந்தால் அதே இடம்.

உன் ஸ்டேண்டில் எனக்குத் தெரிகிற குறை இதுதான். துணி முழுக்க ஒரே நேரத்தில் விரிந்து நிற்க வேண்டும் என்று அது கேட்கிறது. வொர்க் ஷாப்பில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரு புடவைக்குப் போடுவதற்கு அது சரி. உன் ப்ளவுஸ் கைக்கு எதற்கு நாலடி? வட்ட வளையம், மரத்தில் திருகு வைத்தது, பத்து அல்லது பன்னிரண்டு அங்குலம், அடியில் கால் வைத்து வருவதாக வாங்கு. வளையம் மட்டும் வாங்காதே, ஆரிக்கு ஒரு கை மேலே ஊசியோடும் இன்னொரு கை கீழே நூலோடும் இருக்கணும், வளையத்தைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. கால் வைத்ததைத் தொடைக்கு அடியில் கொடுத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ஆடாது.

ரெண்டு விஷயம் கவனி. பட்டுத்துணியில் வளையத் தடம் விழும், அதனால் உள் வளையத்தில் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து நாடாவாகச் சுற்று. அப்புறம், ஸ்டேண்டில் போடுகிற வரிசையிலேயே இதில் போடாதே. வளையத்தை நகர்த்தும்போது முடித்த இடத்தின் மேல் அது உட்கார்ந்தால் ஜர்தோசி நசுங்கும், மணி உடையும். நூல் வேலையை எல்லா இடத்திலும் முதலில் முடி. மணி, கல், ஜர்தோசி எல்லாம் கடைசிச் சுற்று.

நான் ஆரி செய்வதில்லை, ஒயர் கூடைதான். அதில் இந்தத் தொல்லையே இல்லை. அடி போட்டு நாலு வரிசை ஏற்றிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம், முடிச்சு நழுவாது. சிவன் கண் கூடை ஒன்று மீன் குழம்பு கொதிக்கிற நேரத்தில் மட்டும் பின்னியே முடித்திருக்கிறேன். கூடையில் லேசாக வாசனை வந்தது, அது வேறு கதை.

---

பெரம்பூர்_லோகோ | திங்கள், இரவு 9:15

மேலே அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் ரிட்டயர்டு ஆள், ரயில்வேயில் இருந்தேன், பத்து வருடமாகத் தஞ்சாவூர் படம் போடுகிறேன். ரிட்டயர்டு என்றால் நேரம் கொட்டிக் கிடக்கும் என்று நினைக்க வேண்டாம்மா, பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட, கூட்டி வர, கேஸ் வந்தால் வாங்க, எல்லாவற்றுக்கும் "தாத்தா சும்மாதானே இருக்கார்".

என் யோசனை ஒன்றே ஒன்று. வீட்டில் பழைய கேரம் போர்டு இருக்கிறதா? இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் கேள், வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெரு உண்டா. (புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024-ல் அமெரிக்கா போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு எங்கள் தெருவில் பரணில் கிடந்த போர்டெல்லாம் கீழே இறங்கிவிட்டது. அதனால் சீக்கிரம் கேள்.) ஆடும் பரப்பு ஒரு பக்கம் 74 சென்டிமீட்டர். நாலு பக்கமும் கட்டை உயர்ந்து நிற்கிறது, உன் மணி உருண்டாலும் கட்டையில் முட்டி நிற்கும், இட்லித் தட்டுக்குப் போகாது. நாலு ஓட்டையிலும் பனியன் துணியில் பை மாதிரி தைத்துக் கட்டிவிட்டேன். ஒன்றில் கல், ஒன்றில் பிரஷ், ஒன்றில் பென்சில் ரப்பர், ஒன்று குப்பை. கட்டில் மேல் வைத்தால் மேஜை. "சாப்பாடு ரெடி" என்றதும் அப்படியே இரண்டு கையால் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினால் ஐந்து விநாடி. எதையும் எடுத்து வைக்க வேண்டாம், மூட வேண்டாம். அடுத்த நாள் இழுத்தால் பிரஷ் விட்ட இடத்திலேயே இருக்கும். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது, போர்டில் பழைய பவுடர் இருந்தால் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஆரம்பிக்கணும். நான் துடைக்காமல் முதல் படத்தை வைத்து, கிருஷ்ணர் வெண்ணெய் திருடியதோடு பவுடரும் பூசிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டார்.

நேரத்தைப் பற்றி. எந்த வேலைக்கு எந்த நேரம் என்று பிரிக்கத் தெரிந்தால் பாதிச் சண்டை தீரும். தஞ்சாவூர் படத்தில் சுண்ணப் பொடியும் கோந்தும் குழைத்து மேடு எழுப்புவது ஒரு வேலை, அதைப் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதும் செய்யலாம். போட்டுவிட்டு விட்டால் அது பாட்டுக்குக் காயும், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் காயவே காயாது, தொட்டால் பிசுபிசுக்கும், அந்த இரண்டு மாதம் நான் வெறும் பென்சில் ஸ்கெட்ச்தான். ஆனால் தங்க ரேக்கு ஒட்டுவது அப்படி இல்லை. ரேக்கு அவ்வளவு மெல்லியது, பேசினாலே மூச்சில் பறக்கும். ஃபேனை நிறுத்தணும், ஜன்னலைச் சாத்தணும். சித்திரை வெயிலில் வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது ஃபேனை நிறுத்திப் பார், என்ன நடக்கிறது என்று தெரியும். அதனால் ரேக்கு வேலைக்கு மட்டும் விடியற்காலை நாலரை. அதுவும் வாரத்தில் ஒரே நாள்.

உனக்கும் அப்படி இருக்கும் பார். மணி கோர்ப்பது, நூல் பிரிப்பது, மிரர் எண்ணி எடுப்பதெல்லாம் டிவி சத்தத்தில் செய்கிற வேலை. டிசைன் வரைவது, கழுத்து வளைவு போடுவதெல்லாம் அமைதி வேண்டிய வேலை. இரண்டையும் ராத்திரி ஒன்பதரைக்கு வைத்துக்கொண்டால் இரண்டும் நடக்காது.

---

காலடிப்பேட்டை_ஜன்னல் | செவ்வாய், காலை 11:40

எல்லோரும் இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது. தப்பாக நினைக்காதீங்க வண்ணை, உங்கள் மேல் இல்லை.

ஹாலில் டிவி எவ்வளவு இடம் எடுக்கிறது? ஐபிஎல் வந்தால் ராத்திரி பதினொன்றரை வரைக்கும் அந்த ஹால் யாருடையது? அதற்கு யாராவது அனுமதி கேட்டார்களா? பைக்கை வீட்டு முன்னால் நிறுத்த இடம் வேண்டும் என்றால் எல்லோரும் செருப்பு ஸ்டேண்டை நகர்த்துகிறோம். நாலடி மரம் மட்டும் பாடை. எங்கள் வீட்டிலும் இதே கதைதான், நான் டெரகோட்டா நகை செய்கிறேன், மண் பிசைந்து வைத்த டப்பாவை "என்ன இது சகதி" என்று கொட்டிவிட்டார்கள். இரண்டு நாள் பதப்படுத்தி வைத்த மண்.

நான் இருக்கிற பேட்டையை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. காலடிப்பேட்டை என்றால் யாரோ சாமி கால் வைத்த இடம் என்று நினைப்பார்கள். ஜோசப் காலெட் என்று ஒரு துரை, 1717-லிருந்து 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர், நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. காலெட் பேட்டை, வாய் புழங்கிப் புழங்கிக் காலடிப்பேட்டை. நெசவுக்காரர் வீட்டில் தறி போக மீதி இடத்தில்தான் குடித்தனம் நடக்கும். குழித்தறி என்றால் தரையைத் தோண்டியே வைத்துவிடுவார்கள், யாரும் அதை "எடுத்து ஓரமாக வை" என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அதில்தான் சோறு. சோறு வராத கைவேலைக்குத்தான் இந்த "எடுத்து ஓரமாக வை" எல்லாம். அதனால்தான் ஆர்டர் எடு, ஆர்டர் எடு என்று சொல்கிறார்கள், எடுத்தால் மரியாதையாக ஓர் இடம் கிடைக்கும் என்று.

அதனால் கேரம் போர்டும் வாங்குங்கள், வளையமும் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, ஹால் எனக்கு என்று வீட்டில் வாய் திறந்து சொல்லுங்கள். கெஞ்சலாக இல்லாமல், "வியாழக்கிழமை எனக்கு" என்று சாதாரணமாக, ரேஷனுக்குப் போகிற நாளைச் சொல்கிற மாதிரி. நான் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. முதல் மூன்று வாரம் முகம் தூக்கினார்கள். இப்போது என் வீட்டுக்காரரே வியாழன் ஆனால் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் மேட்ச் பார்க்கிறார். கொசு கடிக்கும்தான். கடிக்கட்டும்.

---

பெரம்பூர்_லோகோ | செவ்வாய், மதியம் 12:10

ஜன்னல் அம்மா, அந்த டிவி பார்க்கிற ஆள் கட்சியிலிருந்து ஒரு குரல்: ஒத்துக்கொள்கிறேன். ஃபேனை நிறுத்த நான் நாலரைக்கு எழுந்திருப்பதற்கு முக்கியக் காரணம், என் வீட்டம்மாவிடம் கேட்கப் பயம்.

---

மணலி_மழை | செவ்வாய், இரவு 10:45

எடுத்து வைக்கிற இடத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அதனால் நான்.

கட்டிலுக்கு அடியில் வைக்காதீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் தண்ணீர் வந்தது மட்டுமில்லை, எண்ணெய் கலந்து வந்தது. எட்டு வருடமாகச் சேர்த்த நூல், உல்லன், கொக்கிகள், பாதி முடித்த ஒரு டேபிள் விரிப்பு, எல்லாம் கட்டிலுக்கு அடியில் ட்ரங்குப் பெட்டியில். பெட்டி தண்ணீரில் மிதந்தது. திறந்தால் வெள்ளை நூல் எல்லாம் தார் மாதிரி. துவைத்துப் பார்த்தேன், மூன்று தடவை. அந்த வாடை போகவில்லை. ஒரு கண்டை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன், எதற்கு என்று தெரியவில்லை.

இப்போது எல்லாம் ஆணியில் தொங்குகிறது. பழைய பேண்ட் இரண்டை வெட்டி, கதவுக்குப் பின்னால் தொங்குகிற மாதிரி பாக்கெட் பாக்கெட்டாகத் தைத்தேன். வாடகை வீட்டில் ஓட்டை போட விடமாட்டார்கள் என்றால் கதவு மேல் விளிம்பில் மாட்டுகிற கொக்கி கிடைக்கிறது. லோகோ அண்ணாவின் கேரம் போர்டைக்கூட பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகலாம், ஆனால் அப்போது விட்டது விட்டபடி இருக்காது, அதுவும் உண்மைதான். தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில் பலகை போட்டு அதன் மேல் வைத்தால் சாதாரண மழைக்குப் போதும்.

அப்புறம் வண்ணை, உங்களுக்கு மெட்ரோவில் போக அரை மணி, வர அரை மணிக்கு மேல் இருக்கிறதே. அது உங்கள் நேரம்தானே? ஆரி அங்கே நடக்காது, குரோஷா, அதாவது ஒற்றைக் கொக்கியால் நூலைப் பின்னுவது, நடக்கும். நான் திருவொற்றியூரில் ஏறி பீச் ஸ்டேஷன் வரைக்கும் யூனிட் ட்ரெய்னில் பின்னிக்கொண்டுதான் போகிறேன். ஊசியில் பின்னுகிற ஸ்வெட்டர் மாதிரி இருபது முப்பது கண்கள் ஒரே நேரத்தில் ஊசியில் நிற்காது, குரோஷாவில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்தான். ஸ்டேஷன் வந்துவிட்டதா, அந்த ஒரு கண்ணில் சேஃப்டி பின் மாட்டிப் பையில் போட்டு இறங்கு. உருவிப் போனாலும் நாலு கண் போகும், அவ்வளவுதான். மெட்ரோவில் பையை ஸ்கேன் செய்வார்கள், அதனால் கத்தரிக்கோல் வேண்டாம், நூலை வெட்ட நகவெட்டி போதும்.

ப்ளவுஸ் முடியாமல் குரோஷா எதற்கு என்று கேட்கலாம். எனக்கு என்னவோ, நாள் முழுக்க ஒன்றுமே கையால் செய்யாமல் ராத்திரி ஒன்பதரைக்கு மொத்தத்தையும் செய்ய உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. காலையில் இருபது கண் போட்டுவிட்ட நாளில் ராத்திரி ஊசி எடுக்க முடியாமல் போனாலும் பரவாயில்லை என்று தோன்றும்.

---

கணக்கு_புலி | புதன், காலை 9:00

நல்லா கை வந்துடுச்சுன்னு சொல்றீங்க, கல்யாண சீசன்ல ஆர்டர் எடுத்தா

---

காசிமேடு_அக்கா | புதன், காலை 9:04

தம்பி, முதல் பதிவின் கடைசி வரியைப் படிச்சிட்டு வா.

---

நூல்கண்டு_வண்ணை | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:10

எல்லோருக்கும் நன்றி, பதில் போடாமல் ஓடிப்போய்விட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். ஆடிட் நேரம்.

என்ன செய்தேன் என்று சொல்கிறேன். நாலடி ஸ்டேண்டைக் கற்றுக்கொடுத்த அக்காவிடமே கொடுத்துவிட்டேன், அவரிடம் புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள், அவருக்கு உபயோகம். பதிலுக்குக் கால் வைத்த பன்னிரண்டு அங்குல வளையமும், மிச்சத்துக்கு நூலும் தந்தார். மாமியார் ஸ்டேண்ட் போனதைப் பார்த்து, "துணி எதுலமா காயப்போடுவ" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

டிசைன் ட்ரேஸ் எடுக்கும் வேலையை மட்டும் மொட்டை மாடியில் செய்தேன் (சோம்பேறி_ராயபுரம், உங்கள் ஒரு வார்த்தைக்கு நன்றி). ட்ரேஸ் பேப்பரில் ஊசியால் குத்தி வைத்துக்கொண்டு, மண்ணெண்ணெயில் வெள்ளைப் பவுடர் குழைத்துத் துணியில் தேய்க்க வேண்டும், அதை வீட்டுக்குள் அடுப்புப் பக்கத்தில் செய்ய எனக்குப் பயம், வாசனையும் இரண்டு நாள் நிற்கும். ஓனரிடம் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் கேட்டேன். காற்றாடிப் பேரன்தான் பேப்பரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு கை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ட்ரேஸ் எடுத்தாயிற்று. இதை முதலிலேயே செய்திருக்கலாம், தினமும் ராத்திரி "அடுத்து எங்கே" என்று யோசிப்பதிலேயே பத்து நிமிடம் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

நேரம் எங்கே கிடைத்தது தெரியுமா. காலை ஐந்து மணிக்கு எங்களுக்குத் தண்ணீர் விடுவார்கள். மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்புகிற வரைக்கும் படிக்கட்டில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பேன், முப்பது முப்பத்தைந்து நிமிடம். இத்தனை வருடமாக அதை ஒரு நேரமாகவே நான் எண்ணவில்லை, அது தண்ணீர் பிடிக்கிற நேரம், அவ்வளவுதான். இப்போது வளையத்தோடு அங்கே உட்காருகிறேன். படிக்கட்டு பல்பு மஞ்சளாக அழுது வடிந்துகொண்டிருந்தது, ஒன்பது வாட் வெள்ளை எல்இடி என் செலவில் மாட்டினேன், கீழ்வீட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அந்த வெளிச்சத்தில் நூல் நிறம் பார்த்துப் பொறுக்கக் கூடாது என்று பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கரும்பச்சை என்று நினைத்து ஒரு இலை முழுக்க மயில் நீலத்தில் போட்டிருக்கிறேன். பிரிக்கவில்லை. ஒரு இலை அப்படி இருந்துவிட்டுப் போகட்டும்.

வியாழக்கிழமை விஷயம். ஜன்னல் அக்கா, சொன்னேன். வீட்டுக்காரர் "சரி" என்றார், அவ்வளவு சீக்கிரம் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை, சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வசனமெல்லாம் வீணாகிவிட்டது. முதல் வியாழன் பையனுக்குக் காய்ச்சல். இரண்டாவது வியாழன் நாத்தனார் வந்துவிட்டார். மூன்றாவது, போன வியாழன், நிஜமாகவே நடந்தது, ஒன்பதே காலிலிருந்து பத்தே முக்கால் வரை. மாமியார் பாயை ரூமில் போட்டுக்கொண்டார். போவதற்கு முன்னால் வளையத்தை ஒரு தடவை குனிந்து பார்த்தார். "இது இன்னா, பொங்கப் பானைக்கு மஞ்சக் கொத்து மாதிரி கீது" என்றார். நான் போட்டிருப்பது மாங்காய் டிசைன். பாடையிலிருந்து மஞ்சள் கொத்துக்கு வந்திருக்கிறோம், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேரம் போர்டு கிடைக்கவில்லை. லோகோ ஐயா சொன்ன மாதிரி எல்லாம் பிசி. பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் பழைய டர்க்கி டவலை விரித்து மணியைக் கொட்டிக்கொள்கிறேன், டவல் மேல் மணி உருளாது, ஊசி முனையால் எடுக்கவும் சுலபம். மெட்ரோ குரோஷா இன்னும் ஆரம்பிக்கவில்லை, எட்டு மணி வண்டியில் எனக்கு உட்கார இடம் கிடைப்பதே அபூர்வம்.

இரண்டாவது கை நூல் வேலை முடிந்தது. கழுத்துக்குப் போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். படிக்கட்டில் வைத்து எடுப்பதாலோ கடல் காற்றாலோ தெரியவில்லை, ஆரி ஊசி முனை ஒரே மாதத்தில் துருப்பிடித்துப் பட்டில் இழுக்கிறது. எண்ணெய் தடவினால் துணியில் கறை பிடிக்கும். வேறு என்ன செய்கிறீர்கள்?

---

காசிமேடு_அக்கா | ஞாயிறு, மாலை 4:35

மயில் நீல இலையைப் பிரிக்காதது நல்ல காரியம். ஊசிக்கு: சின்ன மூடி போட்ட டப்பாவில் பலகையில் எழுதுகிற சாக்பீஸ் இரண்டு துண்டு போட்டு அதோடு ஊசியை வை, ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். மாதம் ஒரு தடவை சாக்பீஸை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடு. புதுச் செருப்பு, பை வாங்கினால் உள்ளே சின்னப் பொட்டலம் வரும் பார், அதுவும் ஆகும், பையன் கைக்கு எட்டாமல் வை. ஏற்கெனவே துரு ஏறின ஊசியைப் பட்டில் போடாதே, கொக்கியில் ஒரு இழை சிக்கினால் ஒரு சாண் துணி போச்சு. எங்கள் பக்கம் இரும்பு எதுவும் நிலைக்காது தங்கச்சி, ஊசியை நாலாக வாங்கி வை.

---

நூல்கண்டு_வண்ணை | ஞாயிறு, மாலை 4:50

சாக்பீஸ் பெண்ணின் ஜியாமெட்ரி பாக்ஸிலேயே இருந்தது. போட்டாயிற்று அக்கா.